மால்ட் பானத்தில் ஏன் கஞ்சி வாசம் அடிக்கிறது?

புளியரைக்காரன்:
கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் கடைகளில் கல்ஃப் மால்ட் பானமும் ஆல்கஹால் இல்லாத 0.0 பீரும் ஒரே தட்டில் இருக்கின்றன. பழச்சுவை எதுவும் சேர்க்காத மால்ட்டில்கூட ஆறிப்போன சத்துமாவுக் கஞ்சி வாசம். பார்டர் பரோட்டா, கோழி வறுவலோடு குடிக்க, இனிப்பு நாக்கில் ஒட்டாமல் லேசாகக் கசக்கிறது வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

குண்டாறு:
அண்ணாச்சி, பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். பெரும்பாலான மால்ட் பானம் பதநீர் கட்சி. முளைகட்டிய பார்லியின் சாறு, ஈஸ்ட் வேலையே செய்யாதது. அந்தக் கஞ்சி வாசத்துக்குக் காரணம் 3-மெத்தில்பியூட்டனால், மெத்தியோனல் போன்ற ஆல்டிஹைடுகள் என்ற வாசப் பொருட்கள். மெத்தியோனல் தனியாக முகர்ந்தால் அவித்த உருளைக்கிழங்கேதான். ஈஸ்ட் இருந்தால் இவற்றை மாற்றி அடக்கிவிடும். அதோடு, சாதா பீரில் உள்ள 5 சதவீத ஆல்கஹால் மிச்ச வாசத்தைத் தனக்குள் பிடித்து வைக்கும். இதில் அதுவும் இல்லை, நேரே மூக்குக்கு ஏறுகிறது.

உங்களுக்கு வேண்டியது முழுக்க நொதிக்கவிட்டு, பிறகு ஆல்கஹாலைப் பிரித்தெடுத்த பீர். லேபிளில் ‘டீஆல்கஹாலைஸ்டு’ என்று தேடுங்கள். அழுத்தம் குறைத்த கலனில் 40 டிகிரி வாக்கிலேயே ஆல்கஹால் ஆவியாகிவிடும், அதனால் பீர் வெந்துபோகாது. ஆனால் வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டும் கூடவே கிளம்பிவிடும். கஞ்சி வாசம் போய், கொஞ்சம் சப்பென்று இருக்கும். எனக்கு அது பரவாயில்லை என்றே படும்.

மூன்றாவது ரகமும் உண்டு: சாக்கரோமைக்கோடஸ் லுட்விகி என்ற ஈஸ்ட். குளுக்கோஸைத் தின்னும், பார்லிச் சாற்றின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸைத் தொடாது. அதனால் ஆல்கஹால் குறைவு, இனிப்பு மிச்சம்.

கோட்டைவாசல்:
லேபிளின் பின்பக்கமும் பாருங்கள். 100 மி.லி.க்குச் சர்க்கரை 3 கிராமுக்கு மேல் இருந்தால் உங்கள் பரோட்டாவுக்கு ஆகாது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் பெயரே இல்லாவிட்டால் கசப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சொட்டு ஆல்கஹாலும் கூடாது என்பவர்கள் 0.0 மட்டும் எடுக்கட்டும். நம் நாட்டு உணவுச் சட்டத்தில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது மதுபானம்.

வெயிலில் அடுக்கிய பச்சை பாட்டிலை எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்புப் பொருள் உடைந்து கந்தக நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் ஓரளவு தாங்கும், டின்னுக்குக் கவலையே இல்லை. ஈர அட்டை வாசம் வந்தால் சரக்கு பழசு, அல்லது சூட்டில் கிடந்தது.

புளியரைக்காரன்:
நன்றி அண்ணே. மரவள்ளிக் கப்பையும் குடம்புளி மீன்குழம்பும் என்றால்?

குண்டாறு:
அங்கே கசப்பு வேண்டாம் அண்ணாச்சி. மிளகாய்க் காரத்தைக் கசப்பும் கேஸும் இன்னும் கிளப்பிவிடும். அதற்கு அந்த மால்ட் பானமே பொருத்தம், இனிப்பு காரத்தைத் தணிக்கும். 330 மி.லி.க்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பை அந்தச் சாற்றிலேயே முழுசாகக் கரையுங்கள். அதன்மேல் பானத்தைச் சாய்த்து ஊற்றுங்கள். உப்பைக் கடைசியில் தூவினால் கேஸ் முழுக்க நுரையாகப் பொங்கி வழிந்துவிடும். கஞ்சி வாசமும் குளிரில்தான் அடங்கும், 5 டிகிரி போதும். ஃப்ரீசரில் மறந்துவிடாதீர்கள். ஆல்கஹால் இல்லாததால் பீரைவிடச் சீக்கிரம் உறைந்து பாட்டில் வெடிக்கும்.