பேசாத பிள்ளைக்கு வலி என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, பெருமூளை வாதம், பேச்சு வராது. அடுத்த மாதம் இடுப்பில் அறுவை சிகிச்சை. தாதி ஃபிளாக் (FLACC) என்ற வலி அளவுகோலைக் காட்டினார்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. சரி, ஆனால் இவன் கால் எப்போதுமே விறைப்புதான். வலித்தால் அழவும் மாட்டான். கீழுதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடங்கிவிடுவான். தெரியாதவர்கள் சமர்த்தாகப் படுத்திருக்கிறான் என்றே நினைப்பார்கள், அதுதான் பயம். அந்த அளவுகோலின் திருத்திய வடிவத்தில் பிள்ளைக்கே உரிய அடையாளங்களைப் பெற்றோர் சேர்க்கலாம். அக்கா, அண்ணன்மார்களே, நீங்கள் என்னென்ன எழுதிக் கொடுத்தீர்கள்? இரவு வார்டில் ஆள் மாறும்போது அது அடுத்தவருக்குப் போய்ச்சேர என்ன செய்தீர்கள்? தமிழிலோ மலாயிலோ படிவம் இருந்தால் அனுப்புங்கள்.