கார்டு பக்கத்துல ஒரு கரண்டி வைங்க

முன்பின் தெரியாதவங்ககிட்ட ஆன்லைன்ல போக்கிமான் கார்டு வாங்கினது, வித்தது, மாத்திக்கிட்டது, எதுவா இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுங்க. ஏமாந்ததைச் சொல்ல வெட்கமா இருக்கும். அதனால நானே முதல்ல ஆரம்பிச்சுடறேன்.

நான் சிங்கப்பூர், யீஷூன். பையனுக்குப் பதினோரு வயசு. அவன் கேட்டான்னுதான் தொடங்கினேன். இப்ப அவன் தூங்கின பிறகும் நான்தான் உட்கார்ந்து கார்டு பார்த்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்காரி இதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டா.

அவன் ஆசைப்பட்டது 2023 செப்டம்பர்ல வந்த 151ங்கற கார்டுத் தொகுப்புல இருக்கற சாரிஸார்ட் எக்ஸ்ங்கற கார்டு, எண் 199/165. மொத்தமே 165ன்னா 199 எங்கிருந்து வந்துச்சுன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. கணக்குக்கு மேல எண் போயிருந்தா அது லேசுல கிடைக்காத கார்டுன்னு அர்த்தம். போன வருஷம் ஒருத்தர் அதைக் கிட்டத்தட்ட பாதி விலைக்குப் போட்டிருந்தார். பேசினேன். நல்ல தமிழ். "அண்ணே, ரெண்டு பேரு கேட்டுட்டு நிக்கறாங்க. நீங்க நம்ம ஆளு, அதான் உங்களுக்காக வச்சிருக்கேன்"னார். அந்த "நம்ம ஆளு"லதான் நான் விழுந்தேன். போன் நம்பரை வச்சே பேங்க் கணக்குக்குப் பணம் அனுப்பற பேநவ்ல 180 வெள்ளி போட்டேன். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் "நாளைக்கு அனுப்பிடறேன்"னு பதில் வந்துச்சு. காலையில அவரோட கணக்கையே காணோம்.

கோவத்துல அந்தப் படத்தை எடுத்து இணையத்துல தேடினேன். படத்தோட ஓரத்துல ஒரு கட்டைவிரல், அதுல ஒரு பிளாஸ்திரி. அதே விரல், அதே பிளாஸ்திரி, எட்டு மாசத்துக்கு முன்னாடி வேற யாரோ போட்ட விற்பனைப் படத்துல இருந்துச்சு. அந்தக் கார்டு எப்பவோ வித்துப் போயாச்சு. மோசடிக்கான உதவி எண் 1799க்குக் கூப்பிட்டேன், போலீஸ்ல புகார் கொடுத்தேன், பேங்குக்கும் சொன்னேன். பணம் வரலை. பேநவ்ல போட்ட காசு அந்த நொடியே அடுத்தவன் கணக்குக்குப் போயிடுது, நாம முழிச்சுக்கறதுக்குள்ள அங்கிருந்தும் போயிடுது.

அதுக்கப்புறம்தான் இந்தக் கரண்டி. பேரும் தேதியும் ஒரு தாள்ல எழுதிக் கார்டுக்குப் பக்கத்துல வச்சுப் படம் எடுக்கறது பழைய வழக்கம். வெறும் தாள்ல எழுத்தை மாத்தறது இப்ப சின்னப் பசங்களுக்கே கைவந்த கலை. நான் கேக்கறது வீடியோ. "கார்டு பக்கத்துல ஒரு கரண்டி வச்சு, கார்டைக் கையில எடுத்து, விளக்குக்கு நேரா மெதுவா சாய்ச்சுக் காட்டுங்க." கார்டு உண்மையிலேயே கையில இருக்கறவருக்கு இது ரெண்டு நிமிஷ வேலை, சிரிச்சுக்கிட்டே அனுப்புவார். இல்லாதவனுக்குத்தான் கோவம் வரும். "நம்பிக்கை இல்லைன்னா விடுங்க"ன்னு இதுவரைக்கும் மூணு பேர் சொல்லியிருக்காங்க. விட்டுட்டேன்.

சாய்ச்சுக் காட்டச் சொல்றதுல இன்னொரு லாபம் உண்டு. இந்த 199 மாதிரிக் கார்டுல கைரேகை போல நுணுக்கமான வரி பதிச்சிருக்கும். நகத்தால லேசா வருடினா தெரியும், வெளிச்சம் பட்டா வரி வரியா ஓடும். பெரும்பாலான போலிக் கார்டு லேமினேஷன் போட்ட ரேஷன் கார்டு மாதிரி மொழுமொழுன்னு மின்னும்.

கோயம்புத்தூர்லிருந்து ஒருத்தர்:

நீங்க வாங்கறப்ப ஏமாந்தீங்க, நான் விக்கறப்ப ஏமாந்தேங்க. அதுதான் இன்னும் கேவலம்.

கல்யாணத்துக்கு முன்னாடி சேர்த்ததுல இருபது கார்டு விக்கலாம்னு போட்டேன். ஒருத்தர் பேரமே பேசலைங்க. 4,200 ரூபான்னேன், சரின்னார். அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். நம்ம ஊர்ல பேரம் பேசாம எவன் வாங்கறான்? பணம் அனுப்பறேன்னு ஒரு க்யூஆர் படம் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, காசு உங்களுக்கு வந்துரும்"னார். நானும் போட்டேன். 4,200 வரலை, போச்சு. வாங்கறதுக்குப் பின் எதுக்குன்னு ஒரு நொடி யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன். யூபிஐயில காசு வாங்கறதுக்குப் பின்னே வேண்டாம், அனுப்பறதுக்குத்தானுங்க வேணும். இதை எங்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் பண்ணினேன். அரை மணி நேரத்துக்குள்ள சொன்னதால கொஞ்சம் பணத்தை அந்தப் பக்கத்துக் கணக்குலயே நிறுத்தி வச்சாங்க. அது கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்குல ஆச்சு. இப்பல்லாம் "பணம் போட்டாச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் வந்தா அதைத் திறந்துகூடப் பாக்கறதில்லைங்க. பேங்க் ஆப்புல இருப்பு ஏறியிருக்கான்னு பாத்துட்டுத்தான் கவரே ஒட்டறேன்.

அப்புறம் ஒண்ணு. தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில தங்கக் கலர்ல பளபளன்னு போலி பிளாஸ்டிக் கார்டு தொங்குமே, அதுல முழு டப்பா ஒண்ணை எடுத்துட்டு வந்து என்னோட பழைய கார்டுக்கு மாத்தறேன்னு ஒரு பையன் நின்னான். அவன் ஏமாத்த வரலைங்க, நெஜமாவே அது ஒசத்தின்னு நம்பிட்டிருந்தான். மனசு கேக்காம என்கிட்ட ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு இருந்த சாதாக் கார்டுல பத்தைக் கொடுத்து அனுப்பிட்டேன்.

மலேசியா, கிள்ளான்லிருந்து:

நான் பணத்துக்கு வாங்கறது குறைவு, பெரும்பாலும் கார்டுக்குக் கார்டு மாத்தறதுதான். தபால்ல மாத்தும்போது வர்ற முதல் சண்டையே யார் முதல்ல அனுப்பறதுங்கறது. எங்க வட்டத்துல இதுக்கு முன்னாடி மாத்தினது யாருக்குக் குறைவோ அவர் முதல்ல அனுப்பணும். நான் புதுசுல அப்படித்தான் எட்டு முறை அனுப்பினேன், எட்டும் ஒழுங்கா நடந்துச்சு. ஒன்பதாவது ஆள் "நான் ரொம்ப நாளா இருக்கேன், நீங்களே முதல்ல அனுப்புங்க"ன்னார். அவரோட பழைய மாத்தல் எல்லாத்துக்கும் பாராட்டு எழுதினது ஒரே மூணு கணக்கு, மூணும் ஒரே வாரத்துல திறந்தது. ஒதுங்கிட்டேன். பணம் கொடுக்கற மாதிரி இருந்தா அந்த பேங்க் எண்ணை முதல்ல இங்க போலீஸ் நடத்தற செமாக் மியூல் தளத்துல போட்டுப் பார்த்துடுவேன். போலீஸ்ல புகாரான கணக்கா இருந்தா அதுல வந்துடும். வரலைன்னா யோக்கியன்னு அர்த்தம் இல்லை, இன்னும் மாட்டலைன்னும் இருக்கலாம்.

பிஎஸ்ஏங்கற நிறுவனம் சோதிச்சு, கண்ணாடி மாதிரி பெட்டிக்குள்ள பத்துக்கு மதிப்பெண் போட்டு வர்ற கார்டுன்னா பயமில்லைன்னு சொல்றாங்க. எனக்கு வந்ததுல 10 போட்டிருந்துச்சு. லேபிள்ல இருந்த எண்ணை அவங்க தளத்துல போட்டேன், சரியா அதே கார்டுதான் வந்துச்சு, படத்தோட. ஆனா அந்தப் படத்துல இடது பக்க மஞ்சள் ஓரம் வலது பக்கத்தை விட ஒரு மயிரிழை தடிமன். என் கையில இருந்ததுல வலதுபக்கம் தடிமன். வேற யாரோட நல்ல கார்டோட எண்ணையோ எடுத்துப் போலிப் பெட்டியில அச்சடிச்சிருக்கான். எண் சரியா இருக்குன்னு அதோட நின்னிருந்தா ஏமாந்திருப்பேன்.

பார்சல் கட்டறதைப் பத்தியும் சொல்லணும், நல்லவங்க பண்ற தப்பு இதுதான். மெல்லிய உறைக்குள்ள கார்டு, அது கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள்ள, வாயில பெயிண்டருங்க ஒட்டற நீல டேப், நுனியை மடிச்சு விடணும். ரெண்டு பக்கமும் அட்டை. ஒரு மகராசன் சாதா செலோடேப்பை நேரா மெல்லிய உறை மேலயே ஒட்டி அனுப்பியிருந்தார். பிரிக்கும்போது கார்டோட மூலை மடங்கிடுச்சு. அவர்மேல கோவப்படவும் முடியலை, கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும் முறுக்குப் பொட்டலமும் வச்சிருந்தார், தாமதமாயிடுச்சுன்னு.

சென்னையிலிருந்து ஒரு அம்மா:

எல்லாரும் எதிர்ப்பக்கம் திருடன் இருப்பான்னே எழுதறீங்க. எனக்கு நடந்தது வேற. என் பொண்ணுக்காக ஒரு கார்டு பார்த்தேன். எக்கச்சக்க மலிவு, அவசரம், "இன்னைக்கே எடுத்துக்கோங்க ஆன்ட்டி"ன்னு. நீங்க சொல்ற மாதிரிதான் வீடியோ கேட்டேன். உடனே வந்துச்சு. கார்டு நிஜம். ஆனா அதைப் பிடிச்சிருந்த கையில பள்ளிச் சட்டையோட கஃப், பக்கத்துல அட்டை போட்டு லேபிள் ஒட்டின நாலு கோடு நோட்டு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. "அம்மாகிட்ட போனைக் கொடு கண்ணா"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் "அண்ணனோடது, சொல்லிடாதீங்க"ன்னு வந்துச்சு. எடுத்த இடத்துலயே வச்சுடச் சொன்னேன், திட்டலை. வச்சானான்னு தெரியாது. அன்னையிலிருந்து என் பொண்ணோட கணக்கு என் போன்லதான் இருக்கு. பேசறது, விலை சொல்றது எல்லாம் அவதான். முகவரி மட்டும் நான் கொடுக்கறேன், அதுவும் அவங்கப்பா ஆபீஸ் முகவரி.

திரும்பவும் யீஷூன்:

அந்த அம்மா எழுதினதைப் படிச்சதும் நான் வாங்கின மலிவெல்லாம் யார் வீட்டு அலமாரியிலிருந்து வந்துச்சோன்னு மனசுல ஓடுது.

சாரிஸார்ட் கதையோட மிச்சத்தைச் சொல்லிடறேன். கடைசியில பினாங்குல ஒருத்தர்கிட்ட கிடைச்சுச்சு. விலை மலிவே இல்லை. கரண்டி வீடியோ கேட்டேன். "என்ன கரண்டி, சாம்பார் கரண்டியா, டீஸ்பூனா?"ன்னு திருப்பிக் கேட்டார். அப்பவே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. வீடியோவுல கார்டைச் சாய்ச்சப்ப வரி ஓடினது தெரிஞ்சுச்சு, பின்னாடி யாரோ மிக்ஸி ஓட்டற சத்தமும் கேட்டுச்சு. பாதிப் பணம் முன்னால, மீதி கைக்கு வந்த பிறகுன்னு பேசிக்கிட்டோம்.

ஒன்பது நாள்ல பார்சல் வந்துச்சு. பிரிக்கறதைப் பையனை விட்டு வீடியோ எடுக்கச் சொன்னேன், உறை கிழியறதுலேருந்து. உள்ளே அட்டை, அட்டைக்கு நடுவுல கார்டு, தனியா பேப்பர்ல சுத்தி அந்த டீஸ்பூன். பையன் கார்டை எடுத்துக்கிட்டு ஓடிட்டான். ஸ்பூனை வீட்டுக்காரி கழுவி காப்பித்தூள் டப்பாவுல போட்டுட்டா.