படம் போட்ட சிறுவர் நாவல்களைப் பெரியவர்கள் யாராவது படிக்கிறீர்களா?

வேளச்சேரி வாசகி:
மகளை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப் போவேன். அவள் படிக்கும்போது நானும் சும்மா இருக்க முடியாமல் ஒரு சிறுவர் நாவலை எடுப்பேன். சின்னச் சின்ன அத்தியாயங்கள், நடுநடுவே கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். இப்போது நந்தனம் புத்தகக் காட்சியிலும் எனக்கென்று அதையே தேடுகிறேன். "இன்னும் அம்புலிமாமா வயது தாண்டவில்லையா, அண்ணி?" என்று கொழுந்தனார் கேலி செய்கிறார். உங்களுக்குப் படம் உதவியா, இடைஞ்சலா?

மெய்ப்புக்காரர், மயிலாப்பூர்:
'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் மணியத்தின் ஓவியங்களோடுதான் தொடராக வந்தது. வாரம் தவறாமல் அதற்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளா என்று கொழுந்தனாரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி பத்திரிகைத் தொடர்களைக் கிழித்தெடுத்து, படம் கசங்காமல் பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்பைத் தொட வேண்டுமென்றால் கை கழுவிவிட்டு வர வேண்டும்.

என் குறை வேறு. படம் கதையை முந்திக்கொள்ளக் கூடாது. அண்மையில் படித்த ஒன்றில், காணாமல் போன ஆட்டுக்குட்டி பாழுங்கிணற்றுக்குள் நிற்பது இடப்பக்கப் படத்திலேயே தெரிந்துவிட்டது; எழுத்தில் அது வலப்பக்கத்தின் கடைசிப் பத்தியில்தான் வருகிறது. எழுத்தாளர் கட்டிக் காத்த ரகசியத்தைப் பக்கம் அமைத்தவர் போட்டு உடைத்துவிட்டார். ஆனால் அதே புத்தகத்தில், பஸ்ஸுக்கு ஓடும் பாட்டியின் செருப்பில் அறுந்த வாரை ஊக்கு குத்திப் பிடித்திருந்ததை ஓவியர் வரைந்திருந்தார். கதையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த வீட்டின் வறுமை எனக்கு அந்த ஊக்கில்தான் புரிந்தது. இப்படிப்பட்ட படத்துக்காக எந்த வயதிலும் காசு கொடுப்பேன்.

மெட்ரோ பயணி:
ஆலந்தூரில் ஏறித் தேனாம்பேட்டையில் இறங்குவதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும். அந்த வசதிக்காகவே எனக்குப் பிடிக்கும். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பதைப் பற்றிக் கவலையில்லை. சலிப்பூட்டுவது, கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ முளைத்து அறிவுரை சொல்லும் தாத்தாதான். அவரை எடுத்துவிட்டால் இன்னும் நிறைய வாங்குவேன்.

மெய்ப்புக்காரர், மயிலாப்பூர்:
தாத்தா விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. வாங்குவதற்கு முன் கடைசி இரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுவேன். "ஆகவே, குழந்தைகளே" என்று கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.