ஒரு வாய் கஞ்சியாவது

செவிலியர், தேனி மாவட்டம்:

நோய் ஆதரவு சிகிச்சை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. "படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வருகிற சிஸ்டர்" என்றால் உடனே வீட்டைக் காட்டிவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு இந்த வேலைக்கு வந்தேன். புண் கழுவுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் பழகிவிட்டன. பழகாதது சாப்பாட்டுச் சண்டை ஒன்றுதான்.

போன மாசியில் ஒரு வீடு. பெரியவருக்கு உணவுக்குழாயில் புற்று. ஏலத் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த உடம்பு, கட்டிலில் ஒரு மடித்த வேட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நான் நுழைந்தபோது அவர் மனைவி இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி உள்ளே போனதும் புரையேறி, அவர் கண்கள் செருகின. அந்த இருமல் அடங்குவதற்குள் அடுத்த கரண்டி தயார். நான் கையைப் பிடித்துவிட்டேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"நாளைக்கு இவர் தங்கச்சி வந்து, எங்கள் அண்ணனைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாயே என்று கேட்டால் நீயா பதில் சொல்வாய்?"

கடைசி நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதே இல்லை, விழுங்கத் தெம்பில்லாதவருக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும் என்று பாடம் நடத்தினேன். எதுவும் ஏறவில்லை. பிறகுதான் பார்த்தேன், அந்தக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்ட கை. கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் மெதுவாகத் துடைக்க வேண்டும், உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், மணிக்கு ஒரு முறை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். இரண்டு நாள் கழித்து நாத்தனார் வந்து கண்ணைக் கசக்கியபோது அவர் கையிலும் ஒரு பஞ்சைத் திணித்து, "அழுத்தாமல் துடை" என்று அதட்டியதை என் காதால் கேட்டேன்.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்தது போதும்.

மகன், சென்னை:

அம்மாவுக்குக் கணையத்தில் புற்று. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அதை வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். "அது அபின் சரக்கு, பழகிவிட்டால் விடாது" என்றார் சித்தப்பா. எனக்கும் அந்தப் பயம்தான். பதினொரு நாள் சாதாரண வலி மாத்திரையிலேயே ஓட்டினேன். அம்மா முனகவே இல்லை. தாங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் தலையணை உறையைத் துவைக்கப் போட்டபோது அதன் மூலை முழுக்கப் பல் தடம். எங்களை எழுப்பக்கூடாதென்று இரவெல்லாம் அதைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். வலிக்காகச் சரியான அளவில் கொடுக்கும்போது போதைப் பழக்கம் வருவது அரிது என்று பொறுமையாகச் சொன்னார். 10 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று: காலை 6, 10, பகல் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு. அப்படிக் கொடுத்தால் இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஒட்டினேன். கூடவே எழுதியிருந்த மலமிளக்கியை 'இது எதற்கு' என்று வாங்காமல் விட்டது என்னுடைய அடுத்த கெட்டிக்காரத்தனம். நான்கு நாள் அம்மா பட்ட பாட்டுக்குப் பிறகு அதையும் வாங்கினேன்.

தெருமுனை மருந்துக்கடைகளில் மார்ஃபின் கிடைக்காது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் இதை வைத்திருக்கவே அத்தனை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். ஆனாலும் நான் மின்சார ரயிலேறிப் போய்த்தான் வாங்கினேன். அம்மா அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். மாத்திரைக்கு வலி அடங்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, கீரையைச் சரியாக அலசவில்லை என்று என் மனைவியைச் சத்தம் போட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பதினொரு நாள் மட்டும் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

மகள், ஈரோடு:

அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் பதினான்கு. ஆரஞ்சுக்குக் கணக்கில்லை. வந்தவர்கள் எல்லோரும் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள், நான் இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். அந்தக் காபியை யார் போட்டது?

எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் வேறு மாதிரி. செவ்வாய்க்கிழமை தவறாமல் பகல் இரண்டு மணிக்குக் கூடையோடு வருவார். "நீ போய்ப் படு" என்பார். அவ்வளவுதான். அப்பா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து நான்கு மணி வரை மல்லிகை தொடுப்பார். அந்த வீட்டில் நான் முழுதாகத் தூங்கியது அந்த இரண்டு மணி நேரம்தான்.

சிஸ்டரிடம் ஒரு கேள்வி. கடைசி இரவில் அப்பா தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம். மூச்சுத் திணறித்தான் போனாரா? ஆறு வருடமாகக் கேட்க நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி:

என் அப்பா தமிழாசிரியர், எதையும் எழுத்தில் வைப்பவர். உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்போது நீதித்துறை நடுவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "அலைய முடியாது" என்று விட்டுவிட்டார். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ போதும் என்றானதும் என்னை இழுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டார்.

அடுத்த வருடம் மூளையில் பெரிய ரத்தக்கசிவு. வெளிநாட்டிலிருந்து அண்ணன் போனில்: "பணத்தைப் பார்க்காதே, வென்டிலேட்டரில் வை." தூரத்தில் இருப்பவருக்குக் குற்ற உணர்ச்சி அதிகம், அதனால் குரலும் அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. டாக்டர்கள் ஆவணத்தை வாங்கிப் படித்து, தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அதோடு அப்பா பின் குத்தி வைத்திருந்த துண்டுச்சீட்டை அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "குழாய்கள் வேண்டா. கட்டிலை ஜன்னலோரம் போடுக." ஒற்றெழுத்துப் பிழையில்லாத அதே மணிமணியான கையெழுத்து.

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எந்த ஜன்னல்?" என்றார்.

கொல்லைப்பக்கத்து ஜன்னல். வீட்டில் ஐந்து நாள் இருந்தார்.

செவிலியர், தேனி மாவட்டம்:

ஈரோட்டுத் தங்கைக்கு: அது திணறல் இல்லை அம்மா. விழுங்கும் சக்தி போன பிறகு எச்சிலும் சளியும் தொண்டையிலேயே தேங்கும், மூச்சு அதன் மேல் போய்வருவதால் அந்தச் சத்தம். அந்நேரம் பெரும்பாலும் அவர்களுக்கு நினைவிருக்காது. கேட்கிற நமக்குத்தான் வேதனை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. இதை அன்றே உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நான் முதலில் எழுதிய வீட்டுக்குக் காரியம் முடிந்து போனேன். மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். அம்மா ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே மாத்திரை அட்டை, பிரிக்காத ஒரு பஞ்சுக் கட்டு. "வேறு வீட்டுக்கு ஆகும்" என்றார். மணிக்கு ஒரு முறை கை தானாகப் பஞ்சைத் தேடுவதாகவும், இரவில் விழித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதாகவும் சொன்னார். நாத்தனார் ஊருக்குப் போகாமல் கூடவே இருந்தார்.

நான் எழுந்தபோது அம்மா, "சாப்பிட்டாயா?" என்றார். போகிற வீடுகளில் நான் சாப்பிடுவதில்லை. அடுத்து இரண்டு வீடு பாக்கி வேறு. பதிலுக்குக் காத்திராமல் தட்டை வைத்துவிட்டார். ரசத்தில் உப்பு கூடுதல். இரண்டாவது முறையும் ஊற்றினார். சாப்பிட்டேன்.