புரோஸ்டேட் வீக்க ஆய்வில் பிளாசிபோ குழுவும் இவ்வளவு தேறுவது ஏன்?

வினா: தென்றல்_ஆய்வு

வணக்கம். தீங்கற்ற புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஆல்பா தடுப்பு மாத்திரை (புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பை வாயிலும் உள்ள தசையைத் தளர்த்துவது) ஒன்றைப் பிளாசிபோவுடன் (மருந்தில்லாத போலி மாத்திரை) ஒப்பிடும் 12 வார ஆய்வு. 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில், ஐபிஎஸ்எஸ் (புரோஸ்டேட் தொல்லைக் கேள்வித்தாள்; எண் கூடினால் தொல்லை அதிகம்) மதிப்பெண் 13 அல்லது அதற்கு மேல், சிறுநீரின் உச்ச ஓட்டவேகம் நொடிக்கு 5 முதல் 15 மி.லி. வரை உள்ளவர்களைச் சேர்ப்பதாக விதி. முன்னோட்டத்தில் பிளாசிபோ எடுத்தவர்களின் மதிப்பெண்ணும் நான்கே வாரத்தில் நன்றாக இறங்கிவிட்டது. யூரோஃப்ளோவோ (சிறுநீர் ஓட்டவேகத்தை அளந்து வளைவாக வரையும் இயந்திரம்) ஒரே ஆளுக்கு ஒரு நாள் 9, இன்னொரு நாள் 14 என்று காட்டுகிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது? குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும்?

பதில் 1: மருந்தியல்_மேசை

13 என்று வரம்பு வைத்து ஆளெடுக்கும்போதே அந்த இறக்கமும் உள்ளே வந்துவிடுகிறது. இந்த நோயில் தொல்லை சில வாரம் கூடும், சில வாரம் தணியும். கூடியிருக்கும் நேரத்தில்தான் ஒருவர் மருத்துவரைத் தேடி வருவார், வரம்பையும் தாண்டுவார். அடுத்த முறை அளந்தால் மருந்தே இல்லாமல் தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருப்பார். இதோடு, மதிப்பெண் 12 வந்தவரிடம் "இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு 13 ஆக்கிவிடும் ஆசை எல்லா மையங்களிலும் உண்டு.

எனவே 4 வாரம் எல்லோருக்கும் பிளாசிபோ கொடுத்து, அதன் முடிவில் வரும் மதிப்பெண்ணையே தொடக்க அளவாக வையுங்கள். முதல் வருகையின் எண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்கவே வேண்டாம். வரம்பு எத்தனை என்பது தரவு மையத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்த 4 வாரத்தில் நன்றாகத் தேறியவர்களைக் கழித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் சலித்தெடுத்த கூட்டத்தில் கிடைக்கும் முடிவு, நாளை மருந்துச் சீட்டு வாங்கப்போகும் சாதாரண நோயாளிக்குப் பொருந்தாது. பிளாசிபோ விளைவும் அதனால் முழுக்கப் போய்விடாது.

ஐபிஎஸ்எஸ்ஸில் 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 35. மூன்று கேள்விகள் தேக்குவதைப் பற்றியவை (அடிக்கடி போதல், அடக்க முடியாமை, இரவில் எழுதல்). நான்கு கழிப்பதைப் பற்றியவை. மொத்தத்தோடு இந்த இரண்டு கூட்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். கேள்வித்தாளை முதல் வருகையில் நோயாளியே நிரப்பினால் கடைசி வரை அவரே நிரப்ப வேண்டும். பாதியில் செவிலியர் வாசித்துக் காட்டத் தொடங்கினால் எண் மாறிவிடும்.

இரவில் எழும் தொல்லைக்கு மட்டும் இந்தத் தாளை நம்பாதீர்கள். 3 நாள் சிறுநீர்க் குறிப்பேடு கொடுங்கள். வயதானவருக்கு 24 மணி நேரச் சிறுநீரில் 33 சதவீதத்துக்கு மேல் இரவிலேயே வருகிறது என்றால், அவர் எழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரவில் சிறுநீர் அதிகம் சுரப்பதுதான். ஆல்பா தடுப்பு அதைத் தொடாது.

பதில் 2: நீரோட்டம்

9க்கும் 14க்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பங்கு, நோயாளி எவ்வளவு கழித்தார் என்பதில் இருக்கும். 150 மி.லி.க்குக் கீழே கழித்த வளைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, வலிக்க வலிக்க அடக்கவைத்து அளப்பதும் தவறு; 500 மி.லி.க்கு மேல் விரிந்த சிறுநீர்ப்பையின் தசை சரியாகச் சுருங்காது, வேகம் குறைந்தே காட்டும். வழக்கமாக வரும் உந்துதல் வந்ததும் தனி அறையில், யாரும் வெளியே காத்து நிற்காமல் அளக்க வேண்டும். குறைந்தது இரண்டு வளைவு.

இயந்திரம் அச்சிடும் உச்ச எண்ணை அப்படியே எழுதிக்கொள்வதுதான் அடுத்த பிழை. தாரை புனலின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்தாலோ, ஆள் ஆணுறுப்பைப் பிடித்துவிட்டாலோ ஊசிபோல ஒரு முனை எழும். இயந்திரம் அதையே உச்சமாக எடுத்துவிடும். 2 வினாடியாவது நிலைக்காத முனையை வெட்டிவிட்டு, குழு அடையாளம் தெரியாத ஒருவர் கையால் படிக்கட்டும். வளைவு ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் ஆள் வயிற்றை முக்கியிருக்கிறார். தினமும் காலையில் அளவுகுடுவையில் 400 மி.லி. தண்ணீரைச் சீராக ஊற்றி, இயந்திரம் அந்த எண்ணைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கழித்த பிறகு பையில் மீந்த சிறுநீரை ஸ்கேனில் உடனே அளக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு நிமிடத்துக்கு 10 மி.லி. கூடச் சுரக்கும், ஸ்கேன் அறை வாசலில் 15 நிமிடம் உட்காரவைத்தால் 150 மி.லி. புதுச் சிறுநீர் 'மீந்தது' ஆகிவிடும். பையின் நீளம் × அகலம் × உயரம் × 0.52, எல்லா மையத்துக்கும் இதே சூத்திரம்.

மதிப்பெண்ணும் வேகமும் ஒத்துப்போகவில்லையே என்று கலங்க வேண்டாம், அவை நெருங்கிய உறவுள்ள அளவுகள் அல்ல. வேகம் குறைவது அடைப்பாலும் இருக்கலாம், பைத்தசை தளர்ந்ததாலும் இருக்கலாம். யூரோஃப்ளோவால் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் அழுத்த-ஓட்டச் சோதனைதான்: உச்ச ஓட்டத்தின்போதுள்ள தசை அழுத்தத்திலிருந்து உச்ச ஓட்டத்தின் இருமடங்கைக் கழியுங்கள். 40க்கு மேல் அடைப்பு, 20க்குக் கீழ் அடைப்பில்லை.

தென்றல்_ஆய்வு

மிக்க நன்றி. ஏற்கெனவே ஃபினாஸ்டெரைடு (புரோஸ்டேட்டைச் சுருக்கும் மருந்து) சாப்பிட்டவர்களைச் சேர்க்கலாமா?

பதில் 3: மருந்தியல்_மேசை

நிறுத்தி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஃபினாஸ்டெரைடு உடலிலிருந்து சீக்கிரம் போய்விடும், சுருங்கிய சுரப்பி திரும்பிப் பருக்க மாதங்கள் ஆகும். அதே வகையைச் சேர்ந்த டுடாஸ்டெரைடின் அரை ஆயுளே (உடலில் உள்ள மருந்து பாதியாகும் காலம்) சுமார் 5 வாரம். முடி உதிர்வுக்கு எடுக்கும் 1 மி.கி. மாத்திரையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதை யாரும் புரோஸ்டேட் மருந்தாக நினைப்பதில்லை, ஆனால் அதுவும் பிஎஸ்ஏவை (புரோஸ்டேட் புற்றைச் சந்தேகிக்க உதவும் இரத்தச் சோதனை எண்) குறைக்கும். இவ்வகை மருந்து 6 முதல் 12 மாதத்தில் பிஎஸ்ஏவைப் பாதியாக்குவதால், 2.5 என்று வந்தாலும் 5 என்றுதான் படிக்க வேண்டும். புற்றை விலக்கிவிட்டோம் என்று தவறாக நினைத்து ஆளைச் சேர்ப்பது இங்கேதான் நடக்கும். சளி மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரினையும் ஒவ்வாமை மருந்துகளையும் ஒவ்வொரு வருகையிலும் விசாரியுங்கள்; அவை சிறுநீர் கழிப்பதைக் கடினமாக்கலாம்.

பதில் 4: எண்_கணக்கு

ஆள் எண்ணிக்கைக்கு வருகிறேன். 2003இல் வெளியான எம்டாப்ஸ் என்ற புரோஸ்டேட் வீக்க மருந்தாய்வில் 3,047 பேர். 4 ஆண்டு முடிவில் பிளாசிபோவில் சராசரி 4.9 புள்ளி இறக்கம், டாக்சசோசின் என்ற ஆல்பா தடுப்பில் 6.6. இடைவெளி 2 புள்ளிகூட இல்லை. ஒரு நோயாளி தனக்குத் தேவலை என்று உணரச் சுமார் 3 புள்ளி இறங்க வேண்டும் என்பார்கள். அது தனி ஆளின் மாற்றம், குழுக்களின் இடைவெளிக்கு அதையே வைத்தால் ஆய்வு தோற்கும். திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் மாற்றம் சிதறும் அளவு) 6, இடைவெளி 2, திறன் (நிஜமான இடைவெளியை ஆய்வு பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம் என்று போட்டால் குழுவுக்கு 142 பேர். இடைவெளி 3 என்று போட்டால் 63 போதும் என்று வரும், அந்தச் சின்ன எண்ணில் மயங்க வேண்டாம். 20 சதவீதம் பேர் பாதியில் விலகினாலும் தாங்க, 142க்குப் பதில் 178.

யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியம் உடையும் இடத்தையும் பாருங்கள். சிலோடோசின், டாம்சுலோசின் போன்ற ஆல்பா தடுப்புகளில் விந்து வெளிவராமல் போவதை நோயாளியே கவனித்து, தனக்கு நிஜ மருந்துதான் என்று முடிவுகட்டுவார். தலைசுற்றலும் அப்படியே. 12ஆம் வாரத்தில் "எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள், எதை வைத்து?" என்று எழுதி வாங்குங்கள். வருகையில் ஐபிஎஸ்எஸ் தாளை முதலில் நிரப்பி வாங்கி உறையில் மூடிவிட்டு, அதற்குப் பிறகு வேறொருவர் பக்கவிளைவுகளைக் கேட்கட்டும். வரிசை மாறினால், பக்கவிளைவை நினைத்துக்கொண்டே அவர் மதிப்பெண் போடுவார்.