மறு: ஹனிபொட்டுக்குத் தமிழ் – தேன்குடம் வேண்டாம்

> 'கறுப்புப்பட்டியல்', 'தேன்குடம்' இரண்டையும் அப்படியே வைத்துவிடுவோம். எல்லாருக்கும் விளங்கும்தானே?

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்பாம் எனும் குப்பை அஞ்சலைத் தடுக்கும் வேலையின் சொற்களுக்குத் தமிழ் தேடும்போது வந்த மேற்கண்ட யோசனைக்கு இது என் பதில்.

விளங்காது என்பதுதான் என் கட்சி. முதலில் கறுப்புப்பட்டியலை எடுப்போம். போன சீசனில் உப்புவெளி விடுதிக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அறை கேட்டு எழுதியவர்களுக்கு அவர் அனுப்பிய பதில்கள் 554 என்ற எண்ணோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. "என்னைக் கறுப்புப்பட்டியலில் போட்டது எவன்?" என்று ஒரே சத்தம். யாரோ தன் பெயரைக் குறித்துவைத்து, வழியில் நின்று அஞ்சலை மறிக்கிறார்கள் என்று அந்தச் சொல் அவரை நம்பவைத்திருந்தது. உண்மையில் அவர் வாடகைக்கு எடுத்த வழங்கியின் (சர்வரின்) ஐபி முகவரியில் இன்னும் பலர் குடியிருந்தார்கள். அதில் ஒருவருடைய தளத்தின் வழியாக ஸ்பாம் போய், அந்த முகவரியே பட்டியலில் ஏறியிருக்கிறது.

ஸ்பாம் வரும் ஐபி முகவரிகளை ஒருவர் தொகுத்துவைப்பதுதான் இந்தப் பட்டியல். அது யாரையும் மறிப்பதில்லை. 192.0.2.99 இலிருந்து அஞ்சல் வந்தால், பெறுகிற வழங்கி அந்த எண்களைத் தலைகீழாக்கி 99.2.0.192 என்று எழுதி, பட்டியல்காரரின் தளப்பெயரை வாலில் ஒட்டி, சாதாரண டிஎன்எஸ் (தளப்பெயருக்கு எண்முகவரி சொல்லும் சேவை) கேள்வியாக அனுப்புகிறது. 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் முகவரி பட்டியலில் உண்டு. அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தால் இல்லை. அதற்குப் பிறகு மறிப்பதா, ஸ்பாம் பெட்டிக்குள் தள்ளுவதா, பேசாமல் விடுவதா என்பது கேட்டவர் பாடு. 1997இல் போல் விக்சி தொடக்கிய பட்டியலிலும் சரி, 1998இல் ஸ்டீவ் லின்ஃபர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸிலும் சரி, பட்டியல் போடுகிறவர் ஒருவர், கதவைச் சாத்துகிறவர் இன்னொருவர்.

இதை மறந்தால் வேலை கெடும். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். 'இந்த வழியால் கேட்காதே' என்பதுதான் அதன் பொருள். எந்தப் பதில் வந்தாலும் மறி என்று எழுதிவைத்த வழங்கி அன்றைக்கு ஊர் உலகம் எல்லாவற்றையும் மறித்துவிடும். பழி மட்டும் பட்டியலுக்கு. ஆகவே உவர்மலைத் தம்பி சொன்ன 'தடைப்பட்டியல்' கூடச் சரிவராது. எச்சரிக்கைப்பட்டியல் என்று வைப்போம். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. 2021இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.6 என்ற அஞ்சல் வழங்கி மென்பொருள் தன் அமைப்புப் பெயர்களிலேயே கறுப்பைக் கைவிட்டுவிட்டது. நாம் மட்டும் ஏன் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

சரி, தேன்குடம். ஸ்பாம் அனுப்புகிறவரைச் சிக்கவைக்க நிறுத்தும் ஏமாற்று வழங்கியைத்தான் ஹனிபொட் என்கிறார்கள். தேன்குடம் என்றால் எனக்குக் கோணேசர் கோயில் அபிஷேகம்தான் ஞாபகம் வருகிறது. 'பொறி' நல்ல சொல், ஆனால் தேடுபொறி அதை எந்திரமாக்கிவிட்டது. 'தூண்டில்' ஏற்கெனவே பிஷிங் மோசடிக்குப் பெயராகி, கள்ளன் கைக்குப் போய்விட்டது.

ஏமாற்று வழங்கி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு தளத்துக்கு இரண்டு அஞ்சல் வழங்கி இருந்தால், எம்எக்ஸ் பதிவில் (தளத்தின் அஞ்சலை எந்த வழங்கி வாங்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் குறிப்பில்) எண் குறைந்ததிடம் முதலில் போக வேண்டும் என்பது விதி. ஸ்பாம் அனுப்புகிற பலர் எண் கூடியதைத்தான் தேடிப் போவார்கள். மாற்று வழங்கியில் காவல் குறைவு என்ற கணக்கு. அந்த இடத்தில் அஞ்சல் வழங்கி போலவே பேசும் ஒன்றை நிறுத்திவைத்தால், வருகிறவர் யார் என்று குறித்துக்கொள்ளலாம். (முதன்மை வழங்கி விழுந்த நேரத்தில் நல்லவர்களும் அங்கே வருவார்கள். அதனால் வந்தவரையெல்லாம் உடனே பட்டியலில் ஏற்றக்கூடாது, தற்காலிக மறுப்பு மட்டும் சொல்லியனுப்ப வேண்டும்.)

இங்கே தேனும் இல்லை, இரையும் இல்லை. தன் இனம் என்று நம்பி வரவைப்பதுதான் வித்தை. காட்டு மானைப் பிடிக்க வேடன் பழக்கிவைத்த மானைப் போல. அந்த மானுக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாயிற்று: பார்வை. புறநானூறு 320இல் வேட்டுவன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது 'பார்வை மடப்பிணை'. சைவ சித்தாந்த நூலான திருவருட்பயன் படித்தவர்களுக்கு 'பார்வையென மாக்களைமுன் பற்றிப் பிடித்தற்காம் போர்வை' என்ற குறள் தெரிந்திருக்கும். அங்கே குரு மனித உருவில் வருவதற்கே இந்த உவமைதான். ஆனால் இன்றைக்கு 'பார்வை வழங்கி' என்று எழுதினால் வீடியோ காட்டும் வழங்கி என்று நினைப்பார்கள். அதனால் மானையும் சேர்த்து, பார்வைமான் வழங்கி. கோட்டைக்குள் மான் பார்த்து வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

கூடவே, ஸ்பாமைப் பிடிப்பதற்கென்றே பக்கத்தின் மூலநிரலில் ஒளித்துவைக்கும் மின்னஞ்சல் முகவரி. கண்ணுக்குத் தெரியாது, முகவரி பொறுக்கும் நிரல் மட்டும் அள்ளிக்கொண்டு போகும். இதைப் 'பொய்முகவரி' என்றார் மட்டக்களப்பு அக்கா. அது மெய்யான முகவரிதானே, அதற்குப் பின்னால்தான் ஆளில்லை. ஆளில்லா முகவரி என்பேன்.

ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஸ்பாம்டி என்ற நிரல், பட்டியலில் உள்ளவரோடு நொடிக்கு ஓர் எழுத்தாகப் பேசி அவருடைய நேரத்தைத் தின்னும். இதற்கு யோசிக்கவே வேண்டாம்: இழுத்தடிப்பு. எந்த அலுவலக வரிசையில் நின்றவருக்கும் உடனே புரியும்.

கடைசியாக, கிண்ணியா நானா கேட்ட 'சாம்பல்பட்டியல்'. 2003இல் ஈவன் ஹாரிஸ் (Evan Harris) என்பவர் எழுதிவைத்த முறை. முன்பின் தெரியாத வழங்கிக்கு முதலில் 451 என்ற எண்ணோடு தற்காலிக மறுப்பு. ஒழுங்கானது திரும்ப வரும், ஸ்பாம் நிரல்களில் பல வராது. (ஓடிபி அஞ்சல் காலாவதியான பிறகு வந்து சேர்வதும் இதனால்தான், கவனம்.) சாம்பல் என்று சொல்லி யாருக்கு என்ன விளங்கும்? 'பிறகுவா முறை' என்று வைப்போம். மரியாதைக் குறைவு என்றால், நானா, 'பிறகு வாங்கோ' என்றும் வைக்கலாம். 451 மட்டும் அவ்வளவு மரியாதையாகவா பேசுகிறது?

சொற்பட்டியலில் ஏற்றுமுன் ஆட்சேபம் இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள்.