புதுப்பிப்பு: தம்பியின் கணக்கு மீண்டது, புள்ளிகள் மீளவில்லை

ஏமாற்று மென்பொருள் எதையும் தொடாத என் தம்பியின் விளையாட்டுக் கணக்கு முடக்கப்பட்டதை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து முன்பு எழுதியிருந்தேன். மேல்முறையீட்டுக்குப் பின் தடை நேற்று நீக்கப்பட்டது. கணினியின் விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய செயலியொன்றின் டிரைவரே (வன்பொருளை இயக்க உதவும் சிறு நிரல்) சந்தேகத்தைக் கிளப்பியதாம். ஆட்டத்தில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் மென்பொருள்கள் பலவும் விண்டோஸின் கெர்னல் மட்டத்தில், அதாவது இயங்குதளத்தின் அடியாழத்தில், இயங்குவதால், ஏமாற்றுவோர் நுழையக்கூடிய ஓட்டையுள்ள டிரைவரைக் கண்டால், நிறுவியவரின் நோக்கத்தைப் பாராமலே அதைத் தடுக்கவோ சந்தேகிக்கவோ கூடும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளப் பயனர்களின் பாடு இதைவிட மோசம்: 2024இல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற இணைய ஆட்டம், லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வைத்திருந்தோர் உட்பட, அவர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியது. தம்பிக்கு வந்த பதிலில் வருத்தம் என்ற பேச்சே இல்லை. இழந்த தரவரிசைப் புள்ளிகளும் திரும்பவில்லை. மின்வெட்டால் ஆட்டம் பாதியில் அறுந்தால் விழும் தண்டனையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதற்குத் தனி மனு போட வேண்டுமாம்.